புதுச் சதை

சங்கரன்கோவில் ராஜபாளையம் ரோட்டில் உள்ள ஒரு கிளினிக்கில் சபரிநாதன் பதினாறு வருடமாக லேப் டெக்னீஷியன். சர்க்கரை, உப்பு, மஞ்சள் காமாலை என்று காலையில் வெறும் வயிற்றோடு வருகிறவர்களின் ரத்தத்தைப் பார்த்துச் சொல்வதுதான் அவன் வேலை. திருநெல்வேலியிலிருந்து தோல் டாக்டர் இசக்கித்துரை செவ்வாயும் வெள்ளியும் வர ஆரம்பித்த பிறகு இன்னொரு வேலையும் சேர்ந்தது. முடி கொட்டுகிறது என்று கல்யாணத்துக்கு முந்திய வயதில் உள்ளவர்கள் அவரிடம் வருவார்கள். அவர்கள் கையிலிருந்தே இருபது மில்லி ரத்தம் எடுத்து, உறையாமல் இருக்க மருந்து கலந்த குழாயில் விட்டு, மெஷினில் வைத்துச் சுழற்ற வேண்டும். சிவப்பணுக்கள் அடியில் படிந்துவிடும். மேலே வைக்கோல் நிறத்தில் தெளிந்து நிற்பதை இறுத்து இன்னொரு தடவை சுழற்றினால் இரண்டு மூன்று மில்லி கெட்டியாகத் தேறும். பிளேட்லெட் அணுக்கள் செறிந்த அந்த ரத்தநீர்தான் பி.ஆர்.பி. டாக்டர் அதை ஊசியில் ஏற்றித் தலையில் போடுவார்.

உடம்பில் எங்கே காயம் பட்டாலும் முதலில் ஓடிப்போய் அடைப்பவை பிளேட்லெட்டுகள். அடைத்ததோடு நிற்காமல், சுற்றியிருக்கிற சதையையும் ரத்தக் குழாய்களையும் வளரச் சொல்லித் தூண்டும் சத்துகளையும் அவை வெளியே விடும். அவற்றை ஒரே இடத்தில் திரட்டிக் கொடுத்தால் ஆறாத தீக்காயம்கூடச் சீக்கிரம் ஆறும் என்று சபரிநாதன் ஒரு கட்டுரையில் படித்தான். படித்த நாளிலிருந்து அவனுக்கு அக்காவின் கால்தான் நினைவில் இருந்தது.

அக்கா மீனலோசினி அவனுக்கு ஐந்து வயது மூத்தவள். இளையரசனேந்தல் பக்கத்து ஒன்றியப் பள்ளியில் தலைமையாசிரியை. கணவர் ராம்சங்கர் சங்கரன்கோவில் தபாலாபீஸில் வேலை பார்த்தார், வீடும் அங்கேதான். ஒரே மகள் விஜிதா பாளையங்கோட்டையில் ஹாஸ்டலில் தங்கிக் கல்லூரியில் படித்துக்கொண்டிருந்தாள். அக்காவின் வலது காலில் முழங்காலுக்குப் பின்பக்கம் தொடங்கிக் கெண்டைச்சதை முழுக்க ஒரு பெரிய தழும்பு. பதினொரு வயதில் வடிகஞ்சி கொட்டிய தழும்பு.

அன்றைக்கு வீட்டில் ஏதோ விசேஷம். அம்மா காந்திமதியம்மாள் பெரிய பானையில் சோறு வடித்துவிட்டு, கொதிக்கிற கஞ்சியை அகலச் சட்டியோடு அடுப்பங்கரைத் தரையில் வைத்திருந்தாள். மீனா சட்டிக்குப் பக்கத்தில் வலது காலை நீட்டி உட்கார்ந்து அவரைக்காய் ஆய்ந்துகொண்டிருந்தாள். ஆறு வயது சபரி, பின்னால் பார்த்துக்கொண்டே ஓடி வந்தவன், சட்டியில் இடித்தான். வெந்நீராக இருந்தால் வழிந்து ஓடிவிடும். கஞ்சி ஓடவில்லை. காலோடு ஒட்டிக்கொண்டு உள்ளே வேகவைத்தது.

சத்தம் கேட்டு அம்மா ஓடி வந்தபோது சபரி கதவுக்குப் பின்னால் நின்றுகொண்டிருந்தான். எப்படிடி கொட்டிச்சு என்று அம்மா கேட்க, அந்த வேதனையிலும் மீனா, தானே காலை ஆட்டித் தட்டிவிட்டதாகச் சொன்னாள். தொடையில் தோல் எடுத்துக் காலில் ஒட்டினார்கள். நாலு மாதம் ஆஸ்பத்திரியில் கிடந்தாள். கவனமில்லாத பிள்ளை என்று அம்மா சாகும்வரை அவளைச் சொல்லிக்கொண்டிருந்தாள். அக்கா ஒரு நாளும் மறுத்ததில்லை. சபரியும் வாய் திறந்ததில்லை. அவர்கள் இருவருக்குள்ளும்கூட அதைப் பற்றி ஒரு பேச்சு வந்ததில்லை.

அந்தத் தழும்பில் போன வருடம் ஆனி மாதம் ஒரு புண் வந்தது. பஸ் படியில் உரசியதால் என்றுதான் எல்லோரும் நினைத்தார்கள். களிம்பு போட்டால் பொருக்குத் தட்டும், நாலு நாளில் மறுபடியும் திறந்துகொள்ளும். தை பிறந்தும் ஆறவில்லை. பள்ளியில் நாற்காலியில் உட்கார்ந்தால் புடவையெல்லாம் நீர்க்கசிவு. கறை தெரியாமல் இருக்கக் கரும்பச்சைப் புடவைகளாகவே உடுத்த ஆரம்பித்தாள்.

சபரிநாதன் புண்ணைப் போனில் படம் எடுத்துக்கொண்டு போய் டாக்டர் இசக்கித்துரையிடம் காட்டினான். அவர் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார். எத்தனை வருடத் தழும்பு என்று கேட்டார். முப்பத்தெட்டு என்றான்.

"இவ்வளவு பழைய தழும்புல புண் வந்து ஆறலைன்னா, முதல்ல ஓரத்துல ஒரு துண்டு எடுத்து டெஸ்டுக்கு அனுப்பணும் சபரி. ரிசல்ட் சுத்தமா இருந்தா பி.ஆர்.பி. தாராளமா போடலாம். வெள்ளிக்கிழமை கூட்டிட்டு வா, நானே எடுக்கேன்."

சரி டாக்டர் என்று சொல்லிவிட்டுத்தான் வந்தான். அன்று சாயங்காலம் அக்கா வீட்டுக்குப் போகிற வழியெல்லாம் அவன் மனம் இரண்டாகப் பேசிக்கொண்டிருந்தது. அந்தக் காலில் கத்தி பட்டால் என்ன ஆகும் என்பது அவனுக்குத் தெரியும். ஒரு முள் கீறினாலே மூன்று மாதம் எடுக்கிற தோல் அது. ஆஸ்பத்திரியில் கட்டுப் பிரிக்கும்போது அக்கா போட்ட சத்தம் அவன் காதில் இன்னும் இருந்தது. இன்னொன்றும் இருந்தது. பின்னாளில் எத்தனையோ தடவை அதை எண்ணிப் பார்த்து அவனே ஒப்புக்கொண்டதுதான். டெஸ்டில் வேறு ஏதாவது வந்துவிட்டால், தன் கையால் அந்தக் காலை ஆற்ற முடியாமல் போய்விடுமே என்ற பயம்.

டாக்டர் என்னலே சொன்னார் என்று அக்கா கேட்டாள்.

"செய்யலாம்னுட்டாருக்கா. உன் ரத்தத்துலேயே மருந்து இருக்கு. நானே வீட்டுக்கு வந்து போடுதேன். வெட்டுறது கிட்டுறது ஒண்ணும் கிடையாது."

அக்காவின் முகம் மலர்ந்தது. ராம்சங்கர், நம்ம வீட்டு டாக்டர் இருக்கும்போது திருநெல்வேலிக்கு எதுக்கு அலையணும் என்று சிரித்தார்.

மாசி மாதம் தொடங்கினான். ஒன்று விட்டு ஒரு ஞாயிற்றுக்கிழமை. காலை ஏழு மணிக்கு அக்கா வீட்டில் ரத்தம் எடுத்துக்கொண்டு பைக்கில் கிளினிக்குக்குப் போவான். ஞாயிறு கிளினிக் கிடையாது. சாவி அவனிடம்தான். இரண்டு தடவை சுழற்றி எடுத்ததைச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு திரும்பி வருவான். அதில் கால்சியம் மருந்து சொட்டு விட்டுப் பத்து நிமிடம் வைத்தால் நுங்கு போல இறுகும். புண்ணைக் கழுவி, அந்த நுங்கை மேலே பரத்தி, வலை போன்ற துணி வைத்துக் கட்டுவான். மிச்சத்தைப் புண்ணின் ஓரத்தில் சிறு ஊசியால் போடுவான். அக்கா குப்புறப் படுத்துக்கொண்டு பிள்ளைகளின் பரீட்சைப் பேப்பரைத் திருத்திக்கொண்டே இருப்பாள். வலிக்குதாக்கா என்று கேட்டால், உன் கை பட்டா ஒண்ணும் தெரியலலே என்பாள்.

மூன்றாவது தடவை கட்டைப் பிரித்தபோது வெளிறிக் கிடந்த புண் சிவந்திருந்தது. புதுச் சதை. சபரிநாதன் விளக்கைக் கிட்டத்தில் கொண்டுவந்து பார்த்தான். படம் எடுத்து அக்காவிடம் காட்டினான். அவள் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். வீட்டுக்கு வந்து மனைவி சுபலட்சுமியிடம் அதே படத்தைக் காட்டினான். அன்று அவன் சாப்பிட்ட வேகத்தைப் பார்த்து அவளுக்கே ஆச்சரியம். ஆறாவது தடவைக்கு ஓரமெல்லாம் கரை கட்டினாற்போல உயர்ந்து வந்தது. சதை மடிந்து மடிந்து வளர்ந்தது. குழி நிரம்புகிறது என்று அவன் நம்பினான். டாக்டரிடம் அதைக் காட்டவில்லை. அவர் ஒருமுறை, உங்க அக்காவக் கூட்டிட்டே வரலியே என்று கேட்டபோது, ஆறிட்டு வருது டாக்டர் என்று சொல்லிவிட்டு ஸ்லைடை மைக்ரோஸ்கோப்பில் வைத்தான்.

ஊர்க் கோவிலில் ஆடித்தபசுத் திருவிழாவுக்குக் கொடியேறியதும், கால் ஆறிவருகிறது என்ற நம்பிக்கையில் அக்கா கோவிலைச் சுற்ற ஆரம்பித்தாள். கால் ஆறினால் நூற்றியெட்டு ஆடிச்சுற்று சுற்றுவதாகக் கோமதியம்மனுக்கு நேர்ந்திருந்தாளாம். ஒரு நாளைக்குப் பத்து, பன்னிரண்டு என்று எண்ணிச் சுற்றினாள். ஐந்தாம் நாள் விஜிதாவும் ஹாஸ்டலிலிருந்து வந்து அம்மாவோடு சேர்ந்துகொண்டாள். பாதிச் சுற்றில் அவள் அம்மாவை நிறுத்தினாள். புடவைக் கரையிலிருந்து பிரகாரக் கல்லில் ரத்தம் சொட்டிக்கொண்டிருந்தது.

வீட்டில் கட்டைப் பிரித்ததும் விஜிதா மூக்கைப் பொத்தினாள். உடனே வெட்கப்பட்டுக் கையை எடுத்துக்கொண்டாள். அன்றாடம் பக்கத்திலேயே இருந்தவர்களுக்குப் பழகிப்போயிருந்த வாடை அவளுக்கு முகத்தில் அறைந்தது. செவ்வாய்க்கிழமை வரட்டும் மாமா, டாக்டரிடமே காட்டிவிடலாம் என்று அவள் சொன்னபோது சபரிநாதன் மறுக்கவில்லை.

டாக்டர் இசக்கித்துரை கையுறையை மாட்டிக்கொண்டு புண்ணின் ஓரத்தை ஒரு விரலால் தொட்டார். தொட்ட இடத்தில் உதிர்ந்து ரத்தம் வந்தது. அவர் குனிந்தபடியே கேட்டார்.

"டெஸ்ட் ரிசல்ட் எங்க?"

அறையில் அக்கா, ராம்சங்கர், விஜிதா, சபரிநாதன். என்ன டெஸ்ட் என்று ராம்சங்கர் கேட்டார். ஓரத்தில் ஒரு துண்டு எடுத்துப் பார்த்த பிறகுதான் எதையும் தொட வேண்டும் என்று தை மாதமே சபரியிடம் சொல்லி அனுப்பியதாக டாக்டர் சொன்னார்.

படுக்கையில் குப்புறக் கிடந்த அக்கா தலையைத் திருப்பித் தம்பியின் முகத்தைப் பார்த்தாள். ஒரு நொடிதான். பிறகு டாக்டரைப் பார்த்துச் சொன்னாள்.

"நாந்தான் வேண்டாம்னுட்டேன் டாக்டர். தம்பி எவ்வளவோ சொன்னான். வெட்டணும்னதும் பயந்துட்டேன். நீயே வீட்டுல வச்சுப் போட்டு விடுன்னு நாந்தான் அவனப் பிடிச்சுத் தொந்தரவு பண்ணேன்."

அப்படி ஒரு டெஸ்ட் இருப்பதே அந்த நிமிடம் வரைக்கும் அவளுக்குத் தெரியாது. சபரிநாதன் அதை மறுக்காமல் மேஜை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றான். டாக்டர் அவனைத் தனியே அழைத்து, அவங்க பயந்தா நீ என்கிட்ட வந்து சொல்லியிருக்கணும், அந்தப் புண்ணுல நீ ஊசி வச்சிருக்கவே கூடாது என்று சொன்னார். அதற்கும் அவன் தலையைத்தான் ஆட்டினான்.

டாக்டர் அன்றே எடுத்து அனுப்பிய துண்டின் ரிசல்ட் பத்தாம் நாள் வந்தது. புற்று. பழைய தீக்காயத் தழும்பில் முப்பது நாற்பது வருடம் கழித்து வருகிற வகை. மதுரையில் பார்த்த பெரிய டாக்டர், தொடையிடுக்கிலும் நெறி கட்டியிருப்பதாகச் சொன்னார். காலை முழங்காலுக்கு மேலே எடுக்க வேண்டும் என்றார். சபரிநாதன் அவர் அறைக்கு வெளியே காத்திருந்து, எல்லோரும் போன பிறகு உள்ளே போய் ஒரே ஒரு கேள்வி கேட்டான். அந்த பி.ஆர்.பி.தான் இதைக் கொண்டு வந்ததா?

இல்லை, முதலிலேயே இருந்திருக்கிறது என்றார் அவர். ஆனால் காயத்தை வளர்க்கிற சத்துக்கு எது நல்ல சதை, எது கெட்ட சதை என்று தெரியாது, அதனால்தான் புற்று இருக்கிற இடத்தில் போடக் கூடாது என்கிறோம், இது எவ்வளவு தூரம் தீனி போட்டது என்று யாராலும் சொல்ல முடியாது என்றார். பிறகு அவரே, அஞ்சு மாசம் முன்னாடி வந்திருந்தா காலோட நின்னிருக்கும், மேல ஏறியிருக்காது என்று சொன்னார். அவன் யாரென்று அவருக்குத் தெரியாது.

ஆவணியில் காலை எடுத்தார்கள். கரண்ட் என்று ஊரில் சொல்லும் கதிர்வீச்சும் வைத்தார்கள். அக்காவின் முடி கொட்டவில்லை, ஆனால் உடம்பு பாதியாகிவிட்டது. ராம்சங்கர் நீண்ட லீவு போட்டுக் கூடவே இருந்தார். தூக்கி உட்காரவைப்பது, கழிப்பறைக்குக் கொண்டுபோவது, ஊட்டிவிடுவது எல்லாம் அவர்தான். கைகள் இத்தனையும் செய்யும்போது வாய் மட்டும் ஓயாமல் அவளைத் திட்டியது. படிச்சவதான நீ, ஒரு துண்டு வெட்டுறதுக்குப் பயந்து காலையே குடுத்துட்டியே, எங்கிட்ட ஒரு வார்த்தை சொன்னியா, உனக்கு நான் யாரு. வார்டில் பக்கத்துக் கட்டிலில் இருந்தவர்கள்கூட முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள். அக்கா தலையைக் குனிந்துகொண்டு கேட்டுக்கொள்வாள். சாப்பாட்டுத் தூக்கோடு வராந்தாவில் நிற்கும் சபரிநாதன், உள்ளே குரல் அடங்கும்வரை அங்கேயே நிற்பான்.

கார்த்திகையில் வீட்டுக்குக் கொண்டுவந்தார்கள். ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் பள்ளியிலிருந்து நஸ்ரின் பானு டீச்சரும் இன்னொருவரும் பார்க்க வந்தார்கள். பிள்ளைகள் வரைந்து கொடுத்த அட்டைகளைக் கொண்டுவந்திருந்தார்கள். அக்கா ஒவ்வொன்றாகப் பார்த்துப் பெயர் சொல்லிச் சிரித்துக்கொண்டிருந்தாள். ராம்சங்கர் அவர்களுக்குக் காப்பி கொடுத்துக்கொண்டே சொன்னார்.

"டாக்டர் தைமாசமே சொல்லியிருக்காரு டீச்சர். இவதான் கேக்கல. நாலு பிள்ளைகளுக்குப் புத்தி சொல்லுத வேலை பாக்குதவ."

டீச்சர்கள் தரையைப் பார்த்தார்கள். அக்கா சிரித்த முகம் மாறாமல், ஆமா டீச்சர், நான் ஒரு பயந்தாங்கொள்ளி என்றாள்.

அவர்கள் போனதும் சபரிநாதன் சமையலறை வாசலிலிருந்து கூடத்துக்கு வந்தான்.

"அத்தான், அக்கா பயப்படல. அந்த டெஸ்ட்டப் பத்தி நான் அவகிட்ட சொல்லவே இல்ல."

"ஏலே, வாய மூடு," என்றாள் அக்கா.

அவன் மூடவில்லை. டாக்டர் சொன்னது, தான் மறைத்தது, டாக்டர் முன்னால் அக்கா தனக்காகப் பொய் சொன்னது எல்லாவற்றையும் சொன்னான். நிறுத்த முடியாமல், வடிகஞ்சிச் சட்டியில் இடித்ததும் தான்தான் என்று சொன்னான். விஜிதா அறை வாசலில் நின்று கேட்டுக்கொண்டிருந்தாள். அக்கா சுவரைப் பார்க்கத் திரும்பிப் படுத்துக்கொண்டாள்.

ராம்சங்கர் நாற்காலியில் உட்கார்ந்தார். அவளுக்குத் தெரியவே தெரியாதா என்று கேட்டார். தெரியாது அத்தான் என்றான். அவர் மனைவியின் முதுகைப் பார்த்தார்.

"மூணு மாசமா உன்ன நான்..." என்றார். சபரியின் பக்கம் திரும்பாமலே சொன்னார். "நீ கெளம்பு. இனிமே இந்த வாசப்படி ஏறாதே."

அதன் பிறகு சுபலட்சுமிதான் போய் வந்தாள். அக்கா கஞ்சி குடித்தாள், அக்கா இன்றைக்கு உட்கார்ந்தாள், அக்கா உங்களைக் கேட்கவில்லை என்று வந்து சொல்வாள். ஒரு வாரம் கழித்து விஜிதாவின் போனிலிருந்து அழைப்பு வந்தது. பேசியது அக்கா.

"எதுக்குலே சொன்னே?"

"உன்னத் திட்டுறதக் கேக்க முடியலக்கா."

"கேட்டுக்கிட்டு இருந்தது நான்தான? அவுக திட்டுதாகன்னா, நான் பொழைச்சுக்கிடுவேன்னு நம்பித்தான திட்டுதாக. இப்பம் என்னேரமும் கிட்ட உக்காந்து அழுதாக. என் முகத்தப் பாக்க மாட்டேங்குதாக. உனக்குப் பாரம் எறங்கிட்டு. நீயும் வர முடியாது. நான் யாருகூடப் பேச, சொல்லு."

சொல்லிவிட்டு அவளே போனை வைத்துவிட்டாள்.

மார்கழி, தை எல்லாம் அப்படியே போயிற்று. அவன் வேலைக்குப் போனான். முடி கொட்டுகிறவர்களின் ரத்தத்தைச் சுழற்றினான். அடியில் தேறுகிற அந்த இரண்டு மில்லியை ஏறிட்டுப் பாராமல் டாக்டரிடம் கொடுத்தான். அக்கா இருந்த தெருவைத் தவிர்த்து, ரயில்வே ஸ்டேஷன் பக்கம் சுற்றிக்கொண்டு வீட்டுக்குப் போனான். புற்று நுரையீரலுக்கும் போய்விட்டது என்று மாசி முதல் வாரம் சுபலட்சுமி வந்து சொன்னாள்.

மாசி கடைசியில் ஒரு நாள் காலை, டோக்கன் எண்ணைக் கூப்பிட்டுக்கொண்டே நிமிர்ந்தபோது பெஞ்சிலிருந்து ராம்சங்கர் எழுந்து வந்தார். சர்க்கரை பார்க்க வந்தவர்களோடு வரிசையில் உட்கார்ந்து இருந்திருக்கிறார். சவரம் செய்யாத முகம். ரத்தம் எடுக்கிற நாற்காலியில் உட்கார்ந்தார்.

"வெட்டுன எடத்துல ஒரு மூலை ஆறல. நர்ஸ் வந்து கட்டுப் பிரிச்சா கத்துதா. உன் கை பட்டா வலிக்காதுங்கா." கையை நீட்டாமல் மடியிலேயே வைத்திருந்தார். "நான் உன்ன மன்னிச்சுட்டேன்னு நெனைச்சுக்கிடாதே சபரி. அவளுக்காக வந்தேன்."

"சரி அத்தான்," என்றான்.

அன்று மத்தியானமே போனான். அக்காவைப் பார்த்ததும் கதவருகே நின்றுவிட்டான். தலையணையில் முகம் ஒரு பிடி அளவுக்குச் சிறுத்திருந்தது. வா, என்ன பாத்துக்கிட்டு நிக்கே என்று அவள்தான் கூப்பிட்டாள். அவன் கையைக் கழுவிக்கொண்டு வந்து, உப்பு நீரை விட்டு விட்டுக் கட்டை நனைத்து, அரை மணி நேரம் ஊறவைத்து, ஒரு நூல் இழுபடாமல் எடுத்தான். ராம்சங்கர் தட்டைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றார்.

மொட்டைக் காலின் மூலையில் சதை சிவந்து மடிந்து மடிந்து வளர்ந்திருந்தது. எந்தச் சதையைப் படம் எடுத்து அக்காவுக்கும் சுபலட்சுமிக்கும் காட்டினானோ அதே சதை.

"என்னலே, வளந்திருக்கா?" என்று அக்கா கேட்டாள்.

அவன் பஞ்சை உப்பு நீரில் நனைத்தான். "ஆமாக்கா. வளந்திருக்கு."

"அன்னைக்கும் இதத்தான சொன்னே," என்றாள். குத்திக்காட்டுகிற குரல் இல்லை. களைத்த குரல். கண்ணை மூடிக்கொண்டே பேசினாள். "அம்மா கேட்டப்பம் நீ கதவுக்குப் பின்னால நின்னு நடுங்கிக்கிட்டு இருந்தே. டாக்டர் கேட்டப்பமும் அதே மூஞ்சிதாம்லே. நாப்பத்தி நாலு வயசு ஆளு மாதிரியே இல்ல. நான் வேற என்ன செய்ய?"

ராம்சங்கர் தட்டிலிருந்த இடுக்கியை எடுத்து அவனிடம் நீட்டினார்.

அன்றிலிருந்து தினமும் இரண்டு வேளை. காலையில் கிளினிக்குக்குப் போகுமுன், சாயங்காலம் திரும்பும்போது. ராம்சங்கர் தட்டைப் பிடிப்பார், தேவையானதை எடுத்துக் கொடுப்பார். பஞ்சு, உப்புத் தண்ணி, துணி என்பதைத் தவிர இரண்டு பேருக்கும் பேச்சு இல்லை. அக்கா மட்டும் ஏதாவது பேசுவாள். விஜிதாவுக்கு எந்த ஊரில் வேலை கிடைத்தால் நல்லது, நாலாம் வகுப்பில் ஒரு பிள்ளைக்கு இன்னும் கூட்டல் வரவில்லை, புதுத் தலைமையாசிரியையிடம் அதைச் சொல்ல வேண்டும். பிறகு பேச்சும் குறைந்தது. வலிக்குக் கொடுத்த மருந்தில் பாதி நேரம் தூங்கினாள். தூக்கத்திலும் அவன் கை கட்டின் மேல் பட்டால் கால் இறுகாமல் தளர்ந்து கொடுக்கும். அதை அவன் கவனித்தான்.

பங்குனி பத்தாம் தேதி காலை ஏழு மணிக்கு அவன் பையோடு வந்தபோது வாசலில் ராம்சங்கர் சட்டையில்லாமல் நின்றுகொண்டிருந்தார். அஞ்சு மணிக்குப் போயிட்டா என்றார். உனக்குப் போன் போட எடுத்தேன், எப்படியும் ஏழு மணிக்கு வருவேல்லா, அதுவரைக்கும் தூங்கட்டும்னு விட்டுட்டேன் என்றார்.

உள்ளே விஜிதா அம்மாவின் தலைமாட்டில் உட்கார்ந்திருந்தாள். அக்கம்பக்கத்துப் பெண்கள் இரண்டு மூன்று பேர் வந்திருந்தார்கள். குளிப்பாட்ட வெந்நீர் வைக்கலாமா என்று ஒருத்தி கேட்டாள். சபரிநாதன் பையைக் கீழே வைத்துவிட்டுக் கட்டிலருகே நின்றான். ராத்திரி கட்டுத்துணியில் ரத்தம் ஊறி, விரிப்பு வரைக்கும் வந்திருந்தது. அவன் அதையே பார்த்துக்கொண்டிருப்பதை ராம்சங்கர் பார்த்தார். பெண்களிடம், ஒரு கால் மணி நேரம் வெளிய இருங்க என்றார். விஜிதா எழுந்திருக்கவில்லை. அவளை அவர் எழுப்பவுமில்லை.

சபரிநாதன் கையைக் கழுவிக்கொண்டு வந்து பையைத் திறந்தான். உப்பு நீரை எடுத்துக் கட்டின் மேல் விட்டான். தினமும் போலவே ஊறட்டும் என்று காத்திருந்தான். அவசரப்படவில்லை. இழுக்காமல், ஒரு நூல் ஒட்டாமல் பிரித்தான். புண்ணைச் சுற்றித் துடைத்தான். ஓரத்து மடிப்புகளையெல்லாம் பஞ்சால் ஒற்றினான். ராம்சங்கர் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றார். துணி என்று கேட்காமலே துணி வந்தது. கடைசிச் சுற்றை இறுக்காமல் சுற்றி, முடிச்சை உள்பக்கமாகப் போட்டான். அப்புறம்தான் அவன் தலை கட்டில் விளிம்பில் சாய்ந்தது. சத்தம் வெளியே வராமல் தோள் மட்டும் குலுங்கியது. தோளில் யாரும் கை வைக்கவில்லை. ராம்சங்கர் தட்டை வைக்கிற இடம் தெரியாமல் பிடித்தபடியே நின்றுகொண்டிருந்தார்.

வெளியே யாரோ, பொறந்த வீட்டுக் கோடி வந்தாச்சா என்று கேட்டார்கள். அவன் முகத்தைத் துடைத்துக்கொண்டு எழுந்தான். அம்மாவும் இல்லை, அப்பாவும் இல்லை. அக்காவுக்குப் பிறந்த வீடு என்று இருந்தது அவன் ஒருவன்தான்.

"அத்தான், கோடிச் சேலை எடுத்துட்டு வந்துருதேன்."

"கடை தெறந்திருக்காது," என்றார் ராம்சங்கர்.

"தெறக்குற வரைக்கும் நிக்கேன்."

அவர் தலையை ஆட்டினார். கொஞ்ச தூரம் போனவனை வாசலிலிருந்து கூப்பிட்டு, கரும்பச்சை மட்டும் எடுக்காதே சபரி என்றார்.